நிழல் தெற்கே விழுந்த நாள்

பத்தாம் வகுப்போடு அறிவியலுக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. மேல்நிலைப் பள்ளியில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் எடுத்தேன். எடுத்தேன் என்பதைவிட, கணக்கு எழுதத் தெரிந்தால் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன அப்பா எடுத்துக் கொடுத்தார் என்பதே சரி. அவர் சொன்னது பொய்யாகவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக மதுரையில் கணக்கு எழுதித்தான் பிழைக்கிறேன்.

2020 ஊரடங்கில் வேலை பாதியாகக் குறைந்து மாலைகள் திடீரென்று நீண்டுபோனபோது, கைப்பேசியில் அறிவியல் காணொளிகளைப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் கருந்துளைகள், பிறகு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய மெக்சிகோவின் யூகட்டான் பகுதியில் விழுந்து டைனோசர்களின் காலத்தை முடித்துவைத்த விண்கல். அதன் பிறகு ஒளியின் வேகம், குவாண்டம், காலம் பின்னோக்கி ஓடுமா என்ற விசாரணை. ஒவ்வொரு காணொளியும் பத்து நிமிடம் ஓடும். முடியும்போது மெல்லிய இசை எழும்பும், பால்வீதி சுழலும், எனக்கும் எல்லாம் விளங்கிவிட்டது போல நெஞ்சு நிறைந்துவிடும். புத்தகங்களும் வாங்கினேன். ஸ்டீபன் ஹாக்கிங் 1988-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் தொடக்கத்தில், சேர்க்கும் ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் விற்பனை பாதியாகக் குறையும் என்று யாரோ தம்மிடம் சொன்னதாகவும், அதனால் ஐன்ஸ்டீனின் ஒரே ஒரு சமன்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. சமன்பாட்டைத் தொடாமலே பிரபஞ்சத்தைப் புரிந்துகொள்ள முடியும் என்றால் முப்பது ஆண்டுகளாக நான் எதையும் இழந்துவிடவில்லை என்றுதானே பொருள்? அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு வேளையில் கருந்துளையைப் பற்றிப் பேசுகிற ஆளாகவும் ஆகிவிட்டேன். உடன் பணிபுரிகிறவர்களின் பொறுமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்தப் பெருமிதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் உடைந்தது. எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள், ஜூன் 21 அன்றுதான் வட அரைக்கோளத்தில் சூரியன் மிக உயரத்தில் நிற்கிறது, அதுதான் அங்கே கோடையின் தொடக்கம் என்று படித்துவிட்டு, அப்படியானால் நமக்கு மட்டும் ஏன் மே மாதத்திலேயே வெயில் கொளுத்தி லீவு விடுகிறார்கள் என்று கேட்டாள். பருவங்களைப் பற்றி மட்டும் ஐந்தாறு காணொளிகள் பார்த்திருந்தேன் என்பதால் உற்சாகமாக எழுந்து, எலுமிச்சம்பழம் ஒன்றில் ஊதுபத்திக் குச்சியைச் செருகி, சாய்த்துப் பிடித்து, டார்ச் விளக்கைச் சூரியனாக்கி விளக்க ஆரம்பித்தேன். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது என்றேன். சூரியனுக்கு அருகில் போவதால் கோடை வருவதில்லை, ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், அதாவது 14.71 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, ஜூலைத் தொடக்கத்தில் 15.21 கோடிக்குப் போய்விடுகிறது என்றேன். இதுவரை சரியாகத்தான் சொன்னேன். அவள் விடவில்லை. ஜூன் 21 அன்று நண்பகலில் நம் மொட்டைமாடியில் நின்றால் சூரியன் எங்கே இருக்கும் என்று கேட்டாள். நேர் உச்சியில் என்றேன்.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தபடியே சொன்னார்: "ஆனி மாசத்துல வெயிலு வடக்க சாஞ்சுல்ல நிக்கும். வடக்குச் சுவரோரம் ஒரு சாண் நிழலு விழும். அங்க வடகம் போட்டா காயாது."

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன். மதுரை இருக்குமிடத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டு, டார்ச்சைச் சரியான கோணத்தில் பிடித்துப் பார்த்தபோது, அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. கடகரேகை குஜராத், மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட் வழியாகப் போகிறது. ஜூன் 21 அன்று சூரியன் அதன் தலைக்கு மேல் நிற்கும் என்றால், அதற்கு வெகு தெற்கே, நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 பாகையில் இருக்கும் எங்களுக்கு அது வடக்குப் பக்கம்தானே தெரியவேண்டும்? சாய்வு, கடகரேகை, நேர்க்கதிர் என எல்லாச் சொற்களும் என்னிடம் இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் வேலையை மட்டும் நான் ஒருநாளும் செய்யவில்லை. பார்த்த காணொளிகள் அனைத்தும் குளிர்நாட்டுக்காரர்கள் எடுத்தவை. அவற்றில் சூரியன் எப்போதும் தெற்கிலேயே போகும், இலை உதிரும், பனி பெய்யும். அது அவர்கள் குற்றம் அன்று. அவர்கள் வீட்டு மாடியில் அப்படித்தான்.

காணொளி பார்த்தால் புரிந்துவிட்டது போன்ற உணர்வு மட்டும் ஏன் வருகிறது என்று தேடியபோது, வெரிட்டாசியம் என்ற யூடியூப் சேனலை நடத்தும் டெரெக் முல்லர் 2008-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வு இதையே பற்றியது என்று அறிந்தேன். மேலே எறிந்த பந்தின்மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்பது போன்ற எளிய இயற்பியலைச் சில மாணவர்களுக்கு நேரடியான, தெளிவான காணொளியாகக் காட்டினார். தெளிவாக இருந்தது, எளிதில் புரிந்தது என்று அவர்கள் சொன்னார்கள். ஆனால் பார்ப்பதற்கு முன்பும் பின்பும் வைத்த தேர்வுகளில் அவர்களுடைய மதிப்பெண் ஏறக்குறைய நகரவே இல்லை. வேறு சிலருக்கு, மாணவர்களிடையே வழக்கமாக உள்ள தவறான எண்ணத்தை ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் அதை மறுத்து விவாதிக்கும் காணொளியைக் காட்டினார். குழப்பமாக இருந்தது என்று இவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். மதிப்பெண்ணோ ஏறத்தாழ இருமடங்காகியது. தெளிவான காணொளியைப் பார்ப்பவர், தாம் ஏற்கெனவே நினைத்திருப்பதைத்தான் திரையும் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு, கவனத்தைத் தளர்த்திவிடுகிறார் என்பது அவருடைய விளக்கம். சூரியன் ஜூனில் எங்கள் உச்சியில் நிற்கும் என்று எந்தக் காணொளியும் எனக்குச் சொல்லவில்லை. நானாகத்தான் அதை உள்ளே ஒட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு கருந்துளைகளை விட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். குழாய் வேலையில் மிஞ்சிய பி.வி.சி. குழாய் ஒன்றை ஒரு மீட்டருக்கு அறுத்து, கொத்தனாரிடம் கடன் வாங்கிய தூக்குக்குண்டை வைத்துச் செங்குத்தாக நிறுத்தி, சுற்றிலும் செங்கல் அடுக்கினேன். நண்பகலில் நிழல் மிகக் குறுகி நேர் வடக்காகவோ தெற்காகவோ விழும் என்று படித்திருந்ததால், சரியாகப் பன்னிரண்டு மணிக்குச் சாக்பீஸோடு மேலே ஏறினேன். அது பிப்ரவரி மாதம். பன்னிரண்டு மணிக்கு நிழல் இன்னும் குறுகிக்கொண்டிருந்தது. பன்னிரண்டே கால் ஆகியும் குறுகிக்கொண்டிருந்தது. 12:32-க்குத்தான் அது நின்று திரும்பியது. குழாய் சாய்ந்துவிட்டதோ என்று இரண்டு முறை சரிபார்த்தேன். மூன்று நாள் இதே கதை.

காரணத்தில் பாதி எளிது. நம் கடிகாரம் மதுரையின் நேரத்தைக் காட்டுவதில்லை. உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் அருகே செல்லும் 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. மதுரை அதற்கு நான்கரைப் பாகை மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால், எங்கள் நண்பகல் 17, 18 நிமிடம் தாமதமாக வரும். மீதிப் பதினான்கு நிமிடத்துக்கான காரணம் எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை. பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும், அச்சு சாய்ந்திருப்பதாலும், ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரையிலான காலம் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. அந்தச் சிறு வித்தியாசங்கள் சேர்ந்து, பிப்ரவரி நடுவில் சூரியன் கடிகாரத்துக்குப் பதினான்கு நிமிடம் பிந்தியும், நவம்பர்த் தொடக்கத்தில் பதினாறு நிமிடம் முந்தியும் வருகிறது. புத்தகத்தில் இதை நான்கு முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை. சுழலும் பூமியை இரண்டு நிமிடம் மெதுவாக ஓட்டிக் காட்டிய ஒரு காணொளியில் சட்டென்று விளங்கியது. காணொளியைக் குறைசொல்லிக்கொண்டே போகிற எனக்கு இதைச் சொல்லவேண்டிய கடமை இருக்கிறது: அசைகிற ஒன்றை அசைத்துக் காட்டுவதில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் விளங்கியதற்கு இன்னொரு காரணம், மூன்று நாள் வெயிலில் நின்று, அந்தப் பதினான்கு நிமிடம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோடு நான் அதைப் பார்த்தேன் என்பது. கேள்வி இல்லாமல் பார்த்திருந்தால் அதுவும் பால்வீதியோடு சேர்ந்து சுழன்று போயிருக்கும்.

ஏப்ரல் நடுவில் மதுரைக்கு நிழலில்லா நாள் வரும். சித்திரை பிறந்த இரண்டொரு நாளில், ஏப்ரல் 16-ஐ ஒட்டி, சூரியன் தெற்கிலிருந்து வடக்கே போகும் வழியில் எங்கள் உச்சியைக் கடக்கிறது. திரும்பி வரும்போது ஆகஸ்ட் 27-ஐ ஒட்டி மறுபடி கடக்கிறது. அந்த ஏப்ரல் நாளில் 12:18-க்குக் குழாயின் நிழல் அடியோடு சுருங்கிக் குழாய்க்குள்ளேயே போய்விட்டது. ஒளி குழாயின் அடிவரை இறங்குகிறதா என்று பார்க்க ஆவலாக எட்டிப் பார்த்தேன். என் தலையே சூரியனை மறைத்தது. இதை எந்தப் புத்தகமும் எச்சரிக்கவில்லை. பிறகு மகள் குழாயை இரண்டு விரற்கடை உயர்த்திப் பிடிக்க, தரையில் கருப்பு வளையமும் அதன் நடுவே வட்டமாக வெயிலும் விழுந்திருப்பதைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தோம். நான்கே நிமிடத்தில் சூரியன் ஒரு பாகை நகர்ந்துவிடுவதால் அந்த வட்டம் கண்ணெதிரே கோணலாகத் தொடங்கியது. பூமி சுழல்கிறது என்பதை அன்றுதான் நான் பார்த்தேன்.

இதை வைத்து இன்னொன்று செய்ய ஆசைப்பட்டேன். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனீஸ் என்ற கிரேக்க அறிஞர், எகிப்தின் சயீனில், அதாவது இன்றைய அஸ்வானில், சூரியன் உச்சியில் நிற்கும் நாளில், வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழலின் கோணம் 7.2 பாகை, அதாவது முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கண்டு, இரண்டு ஊர்களுக்கும் இடையிலான 5,000 ஸ்டேடியா (அக்காலக் கிரேக்க நீள அளவு) தூரத்தை ஐம்பதால் பெருக்கிப் பூமியின் சுற்றளவைச் சொன்னார். அறிவியல் பற்றிய காணொளி எடுப்பவர்களில் இந்தக் கதையைச் சொல்லாதவர்கள் குறைவு. நானே எத்தனை முறை கேட்டிருப்பேன். என் தம்பி தில்லியில் இருக்கிறான். வரைபடத்தைப் பார்த்தால் தில்லி ஏறக்குறைய மதுரைக்கு நேர் வடக்கே, ஒரு பாகைக்கும் குறைவான வித்தியாசத்தில் இருக்கிறது. அஸ்வானும் அலெக்சாந்திரியாவும் மூன்று பாகை விலகியவை. இந்த ஒரு விஷயத்தில் எரட்டோஸ்தனீஸைவிட எனக்கு வசதி அதிகம்.

எங்களுக்கு நிழல் மறைந்த அதே நாளில், சில நிமிடம் கழித்து, தம்பி தன் குடியிருப்பின் மாடியில் ஒரு மீட்டர்க் கம்பை நிறுத்தி அளந்து, நிழல் 34 சென்டிமீட்டர் என்று தொலைபேசியில் சொன்னான். நிழலின் நுனி மங்கலாக இருக்கிறது, எதைக் கணக்கில் எடுப்பது என்று அவன் கேட்டதும் எனக்குப் பழகிய தொல்லைதான். சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானில் அரைப் பாகை அகலமுள்ள தட்டு என்பதால், ஒரு மீட்டர்க் கம்பின் நிழல்நுனி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கரைந்துபோகும். நடுவை எடு என்றேன். மகளின் வரைபடத்தாளில் 10 சென்டிமீட்டர் உயரம், 3.4 சென்டிமீட்டர் அடி என்று செங்கோண முக்கோணம் வரைந்து, பாகைமானி வைத்தோம். 19-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. கணித்துப் பார்த்தால் 18.8. வரைபடத்தில் இரு ஊர்களுக்கும் நேர்கோட்டுத் தூரம் 2,080 கிலோமீட்டர். 360-ஐ 18.8-ஆல் வகுத்து, 2,080-ஆல் பெருக்கினால் 39,800-க்குச் சற்று மேல். துருவங்கள் வழியாகப் பூமியின் உண்மையான சுற்றளவு 40,008 கிலோமீட்டர். வீட்டில் அன்று பாயசம் வைத்தேன்.

இரவு தம்பி மறுபடி அழைத்தான். "அக்கா, அந்த 2,080 எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டான். கைப்பேசி வரைபடத்திலிருந்து என்றேன். பூமியின் அளவு முன்பே தெரிந்ததால்தானே கைப்பேசிக்கு அந்தத் தூரம் தெரிகிறது என்றான். பாயசம் தொண்டையில் நின்றது. நாங்கள் பூமியை அளக்கவில்லை. பூமியின் அளவை ஒளித்துவைத்திருந்த ஒரு எண்ணிலிருந்து அதை மறுபடி வெளியே எடுத்திருக்கிறோம். உண்மையாக அளந்தது கோணத்தை மட்டும்தான். ரயில் தண்டவாளத்தின் நீளத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றால், அது வளைந்து வளைந்து போவதால் கணிசமாகக் கூடிவிடும். எரட்டோஸ்தனீஸ் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் நிழலைத்தான் பிரமாதமாகக் காட்டுகிறார்கள். அந்த 5,000 ஸ்டேடியாவை ஒருவர் நடந்து எண்ணியிருக்கவேண்டும் என்பதை அரை வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். கடினமான பாதி அதுதான் என்பது அன்று இரவு எனக்கும் தம்பிக்கும் தெரிந்தது.

இடையில் முக்கோணவியலை மறுபடி படிக்கவேண்டியதாயிற்று. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் கொடிக்கம்பம், கோபுரம், ஏற்றக்கோணம் என்று வரும் அதே பாடம். அன்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்ததை இன்று குழாய்க்காகப் படித்தபோது இரண்டு மாலைகளில் முடிந்துவிட்டது. இதற்கு எனக்கு மிகவும் உதவியவை பளபளப்பான காணொளிகள் அல்ல. இலங்கையில் உயர்தரப் பரீட்சைக்குத் தமிழிலேயே பௌதிகவியல், அதாவது இயற்பியல், கற்பிக்கும் ஆசிரியர்கள், கரும்பலகை முன் நின்று ஒரு கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போட்டுக் காட்டும் பதிவுகள். பின்னணி இசை கிடையாது. இடையில் மின்விசிறிச் சத்தம் கேட்கும். பேனாவை எடுத்துக்கொண்டு கூடவே போட்டால்தான் பார்க்க முடியும், இல்லாவிட்டால் தூக்கம் வந்துவிடும்.

மகளின் முதல் கேள்விக்கு வருகிறேன். ஜூன் 21 அன்று எங்கள் குழாயின் நிழல் 24 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தெற்கே விழுந்தது. மூன்றடிக் கைப்பிடிச் சுவருக்கு அது ஒரு சாண்தான்; அம்மாவின் கணக்கில் பிசகில்லை. டிசம்பர் 21 அன்று வடக்கே 66 சென்டிமீட்டர். தில்லியில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருக்க, மதுரையில் அது எழுபது நிமிடம்தான். ஆகவே எங்கள் ஊரில் சாய்வு மட்டுமே பருவத்தைத் தீர்மானிப்பதில்லை; ஏப்ரலில் உச்சிக்கு வந்த வெயில் காய்ந்த நிலத்தில் சேர்ந்து சேர்ந்து மே மாதத்தில் கத்திரியாக வாட்டுகிறது, ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று மேகத்தையும் காற்றையும் கொண்டுவந்து அதைச் சற்றே தணிக்கிறது. இதைச் சொல்ல எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. மகள் அதற்குள் ஒன்பதாம் வகுப்பை முடிக்கும் நிலைக்கு வந்துவிட்டாள். அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை.

அம்மாவோடு மட்டும் ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. தை பிறந்தால்தான் உத்தராயணம், அதுவரை சூரியன் தெற்கேதான் போகும் என்பது அவர் கட்சி. என் சாக்பீஸ் கோடுகளோ, டிசம்பர் 21-க்குப் பிறகு நிழல் குறுகத் தொடங்கிவிட்டதையும், பொங்கலன்று அது 61 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டதையும் காட்டுகின்றன. பூமியின் அச்சு பம்பரத்தைப் போல ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று தள்ளாடுகிறது. அதனால் சூரியன் வடக்கே திரும்பும் இடம் விண்மீன்களுக்கு நடுவே 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் நகர்ந்து, இன்று 24 பாகை விலகியிருக்கிறது. விண்மீன்களை வைத்து மாதம் எண்ணும் நம் பஞ்சாங்கத்தில் தை முதல் நாளும் சூரியன் வடக்கே திரும்பும் நாளும் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக இருந்திருக்கவேண்டும். இதையும் எலுமிச்சம்பழத்தில் காட்டினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் காலத்தில் எழுதியவன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான், இடையில் நகர்ந்தது பூமிதானே என்றார்.

கடந்த ஆகஸ்ட் 27 அன்று நண்பகலில் மேகம் மூடிவிட்டது. அடுத்த ஏப்ரல் வரை குழாய்க்கு வேலை இல்லை. அதில் ஒரு முனையைக் கட்டி அம்மா துணி உலர்த்தும் கொடி போட்டிருக்கிறார்.